சுவருக்குள் விழுந்த கொட்டைகள்

"குருவிய எண்ணி நோட்டுல எழுதுனா நீ படிச்சவ ஆயிருவயா அம்மிணி?"

பெரியப்பா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதினோரு வயது. மில்பிடாஸின் கிழக்கு ஓரத்தில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் நாங்கள் குடியிருந்த பழைய மர வீட்டின் பின்வாசலில் நின்று, காபியை ஊதிக்கொண்டே கேட்டார். அவர் கையில் எப்போதும் புளித்த மாவின் வாசனை இருக்கும், எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. அதே வாசனை அப்பாவின் கையிலும் உண்டு. அண்ணன் தம்பி இருவரும் ஓர் இந்திய ஓட்டலில் தோசைக்கல்லின் முன் நின்றவர்கள். ஓட்டல் முதலாளி கோபிச்செட்டிபாளையத்துக்கு வந்து பெரியப்பாவை மட்டும்தான் கூப்பிட்டாராம். "என்ற தம்பியும் வந்தாத்தானுங்க நா வருவன்" என்று பெரியப்பா சொல்லிவிட்டதால் இருவருக்கும் விசா எடுத்தார். இந்தக் கதையை அப்பா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

இருவரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்கள். அம்மாவும் பெரியம்மாவும் அப்படியே. பெரியப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் தமிழில் எழுதத் தெரியும், அதையும் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார். ஆகவே வீட்டுக்கு வரும் கடிதம், கரண்ட் பில், பள்ளிக்கூட நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்துச் சொல்லும் வேலை, வந்த இரண்டாம் வருடமே என்னிடம் வந்துவிட்டது. தபால் பெட்டியின் சாவி ஒரு கறுப்புக் கயிற்றில் என் கழுத்தில் தொங்கும். பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிப் பெட்டியைத் திறந்து கட்டோடு வீட்டுக்குள் நுழைந்தால், நான்கு பெரியவர்களும் என் வாயைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் எனக்கு இருந்த கர்வத்தை இன்றுவரை வேறெந்தப் பட்டமும் தரவில்லை.

அந்த வீட்டில் விடிவதே சத்தத்தோடுதான். டொக், டொக், டொக் என்று மேற்குச் சுவரில் யாரோ சின்னச் சுத்தியலால் அடிப்பதுபோல் இருக்கும். மரங்கொத்திகள். தலையில் சிவப்புக் குல்லாய், முகத்தில் கறுப்பும் வெள்ளையும், வட்டமான வெள்ளைக் கண். வீட்டின் பின்னால் பாதி பட்டுப்போன ஓர் ஓக் மரம் நின்றது, அதன் உடம்பு முழுக்க விரல் நுனி அளவுக்குத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஓர் ஓக் கொட்டை இறுக்கமாகச் செருகியிருக்கும். அந்தக் கொட்டையின் தலையில் தொப்பி இருப்பதால் நாங்கள் அதற்கு "தொப்பிக் கொட்டை" என்று பெயர் வைத்திருந்தோம். பறவைகளுக்கு "வாக்கா" என்று பெயர் வைத்தவள் கவிதா, பெரியப்பாவின் ஒரே மகள். அவை கூச்சல் போடுவது அப்படித்தான் கேட்கும். "ரேசன் கடைக் க்யூவுல சண்ட போடறாப்புல இருக்குது" என்பார் பெரியம்மா.

கவிதா இந்த ஊருக்கு வந்தபோது இரண்டு வயதுக் குழந்தை. சான்டா கிளாராவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பதிகள் காலையில் கொண்டுவந்து விட்டுப்போகும் பிள்ளைகளை அம்மாவும் பெரியம்மாவும் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பேருடைய கையும் சரியாகிவிடும் என்பதால், பள்ளிவிட்டு வந்ததும் கவிதா என் இடுப்புக்கு வந்துவிடுவாள். நான்தான் ஊட்டுவேன், நான்தான் குளிப்பாட்டுவேன், தூங்கவைப்பேன். தன் மகனை அழைத்துப்போக வந்த ஆன்ட்டி ஒருத்தி, "வீட்ல பெரிய பொண்ணு ஒண்ணு இருக்கறது எவ்ளோ கன்வீனியன்ட்! டேகேரே தேவையில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கவிதா என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்ததால் கோபமும் வரவில்லை.

இடுப்பில் அவளோடு நின்றுதான் நான் மரங்கொத்திகளைப் பார்க்கக் கற்றேன். ஒரே மரத்தில் ஒன்பது பறவைகள். குஞ்சு பொரித்த பொந்துக்குள் ஒன்று மாற்றி ஒன்று புழுவும் பூச்சியும் கொண்டுபோய்க் கொடுக்கும். பெற்றவை இரண்டுதானே இருக்கவேண்டும், மற்றவை யார் என்று எனக்குப் புரியவில்லை. நோட்டில் கோடு போட்டு எண்ணியபோதுதான், போன வருடம் பொந்திலிருந்து வந்த குஞ்சுகளே வளர்ந்து தம்பி தங்கைகளுக்கு ஊட்டுகின்றன என்று தெரிந்தது. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே குஷி. "பாத்தீங்ளாண்ணா, நம்மளாட்டவே!" என்றார். பெரியப்பாவுக்கு ஒரு சொல் உண்டு, "ஒட்டுக்கா". எல்லோரும் சேர்ந்து, ஒன்றாக என்று பொருள். "ஒட்டுக்கா இருந்தாத்தான் இந்த ஊருல நிக்க முடியும்" என்று வாரத்துக்கு நாலு தரம் சொல்வார். என்னைக் கேலி செய்த அதே பெரியப்பா, மறுநாள் ஓட்டலில் சாப்பிட வந்தவர்களிடம் எங்கள் மரத்துக் கூட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பெருமை பேசியதாக அப்பா வந்து சொன்னார். வெள்ளைக்காரர்கள் பதினெட்டு வயதில் பிள்ளைகளை விரட்டிவிடுகிறார்கள், அவர்கள் ஊர்ப் பறவைக்கு இருக்கிற புத்திகூட அவர்களுக்கு இல்லை என்பது அந்தப் பேச்சின் முடிவு.

அடுத்த வசந்தத்தில் நான் பார்த்ததை நோட்டில் எழுதினேன், ஆனால் அந்தக் கதை பெரியப்பா வாயில் ஏறி ஓட்டலுக்குப் போகவிடவில்லை. அந்த வருடம் ஒரே பொந்தில் இரண்டு பெட்டைகள் முட்டையிட்டன. ஒரு காலையில் பெட்டை ஒன்று பொந்திலிருந்து வெளியே வந்தது, அலகில் வெள்ளையாக ஒரு முட்டை. பக்கத்துக் கிளையின் கவட்டில் அதை வைத்து உடைத்தது. மற்றவை வந்து சூழ்ந்துகொண்டு தின்றன. கடைசியாக வந்து தின்றது இன்னொரு பெட்டை. அந்த முட்டை அதனுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

பெரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "அதுகளுக்கு என்ன அம்மிணி தெரியும்? தன்னுது எது அடுத்தவளுது எதுன்னு தெரியாம எடுத்துப் போட்டிருக்கும்" என்றார்.

தெரிந்துதான் போட்டது. இதைப் பல வருடம் கழித்து, பறவைகளின் கூட்டு வாழ்க்கையைப் பாடமாகவே படித்தபோது அறிந்துகொண்டேன். தான் இன்னும் முட்டையிடாத வரைக்கும் பொந்தில் கிடக்கும் முட்டை நிச்சயம் தன்னுடையது இல்லை, ஆகவே எறிந்துவிடும். தானும் இட்ட பிறகு எது யாருடையது என்று அடையாளம் தெரியாது, அதனால் நிறுத்திக்கொள்ளும். பிறகு இரண்டும் ஒரே பொந்தில் மாறிமாறி அடைகாக்கும், எல்லாக் குஞ்சுக்கும் சமமாக ஊட்டும். அந்த ஒற்றுமை, எறிய முடியாமல் போனதிலிருந்து பிறக்கிறது. எறிந்தவளும் இழந்தவளும் பெரும்பாலும் அக்கா தங்கைகள்.

வளர்ந்த பிள்ளைகள் ஏன் போவதில்லை என்பதற்கும் பாடத்தில் விடை இருந்தது. கொட்டை சேர்க்கத் துளைகளுள்ள மரம் ஒரு பறவையின் ஆயுளில் உருவாவதில்லை, தலைமுறை தலைமுறையாகக் கொத்தவேண்டும். அப்படிப்பட்ட மரம் எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. வெளியே போனால் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. ஆகவே வீட்டிலேயே இருந்து, தன் இரத்தமாகிய தம்பி தங்கைகளை வளர்த்துக்கொண்டு, எங்காவது ஓர் இடம் காலியாகிறதா என்று காத்திருக்கின்றன. காலியான செய்தி தெரிந்தால் அண்ணன் தம்பிகள் ஒன்றாகப் பறந்துபோய், மற்றக் கூட்டங்களோடு நாள் கணக்கில் சண்டை போட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். தனியாகப் போனால் கிடைக்காது. பிடித்த பிறகுதான் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் போட்டி ஆரம்பிக்கும். இந்த வரியை வகுப்பில் படித்த அன்று நான் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பறவைகள் எங்கள் வீட்டுச் சுவரைக் கொத்தின என்று சொன்னேன் அல்லவா? மரத்தில் இடம் போதாமல்தான் கொத்தின. ஓட்டல் முதலாளிக்குச் சொந்தமான வீடு அது. ஓட்டை போட்டால் அடைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்பா ஓட்டலிலிருந்து காலி எண்ணெய் டின்களைக் கொண்டுவந்து, வெட்டித் தட்டையாக்கி, அந்தத் தகரத்தைச் சுவரில் ஆணியடித்தார். பறவைகள் தகரத்துக்குப் பக்கத்தில் கொத்தின. பலகை மெல்லியது, அதற்குப் பின்னால் வெற்றிடம். ஒரு துளையில் கொட்டையைச் செருகினால் அது உள்ளே விழுந்து, சுவருக்குள் எங்கோ அடியில் போய்ச் சேரும். திரும்ப எடுக்கவே முடியாது. பறவை துளையை எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு கொட்டை கொண்டுவரும். அதுவும் விழும். கவிதாவும் நானும் சுவரில் காதை வைத்துக் கேட்டு, "டொடொடொடக்" என்று விழும் சத்தத்துக்கு வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்த வருடம் இலையுதிர்காலம் தொடங்கியபோது வீட்டில் ஒரே பேச்சு கிரீன் கார்டுதான். இருவருடைய விசாவும் அடுத்த வசந்தத்தில் முடிகிறது. முதலாளி ஒருவருக்கு மட்டும்தான் மனுப் போட முடியும் என்று சொல்லிவிட்டு, டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் புதுக் கடை திறக்கப் போய்விட்டார். யாருக்கு என்று சொல்லவில்லை. வக்கீலிடமிருந்து லெட்டர் வரும் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகும் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஆனால் பருப்பை எடு, உப்பைக் கொடு என்பதற்கு மேல் பேச்சில்லை. பெரியப்பா "ஒட்டுக்கா" என்று சொல்வதை விட்டுவிட்டார். தினமும் நான் பேருந்திலிருந்து வந்ததும் இரண்டு பேருமே கேட்பார்கள்.

"லெட்டர் வந்துச்சா அம்மிணி?"

"வரலீங் பெரியப்பா."

ஒரு புதன்கிழமை வந்தது. உறையின் மேல் பெரியப்பாவின் பெயர். பெட்டியின் முன்னால் நின்றபடியே பிரித்துப் படித்தேன். அவருக்கு மனுப் போடச் சம்மதம், இணைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்திட்டு, இந்தியாவில் முன்பு வேலை செய்த கடைகளின் சான்றோடு பத்து நாளுக்குள் அனுப்பவேண்டும், அனுப்பாவிட்டால் அடுத்த பெயருக்குப் போகும் என்று எழுதியிருந்தது. அடுத்த பெயர் அப்பாவுடையது.

அந்த வாரம்தான் பள்ளியில் என்னை மேல் நிலை அறிவியல் வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். என் மரங்கொத்தி நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மாற்றினார்கள். வீட்டில் இதை நான் இன்னும் சொல்லக்கூட இல்லை. வசந்தத்தில் அப்பா ஊர் திரும்பினால் நானும் திரும்பவேண்டும் என்பது, கடிதத்தின் கடைசி வரி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்காகச் செய்தேன் என்று பிற்பாடு பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை.

வீட்டுக்குள் போகாமல் மேற்குச் சுவருக்குப் போனேன். ஆணி கழன்று தொங்கிய ஒரு தகரத்துக்குப் பின்னால் உறையை மடித்துச் செருகினேன். இரண்டு நாள் கழித்து எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். எதற்கு இரண்டு நாள் என்று கேட்டால் தெரியாது. தகரத்தின் பின்னால் பறவைகள் பெரிதாக்கியிருந்த துளை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை போய்த் தகரத்தைத் தூக்கிப் பார்த்தபோது உறை அங்கே இல்லை. சுவரைத் தட்டினேன். உள்ளே கொட்டைகள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

விழுந்துவிட்டது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வக்கீல் ஆபீசுக்குப் போன் செய்தால் இன்னொரு படிவம் அனுப்பியிருப்பார்கள். என் ஆங்கிலத்துக்கு அது இரண்டு நிமிட வேலை. இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு நாளும் பெரியப்பா கேட்டார், ஒவ்வொரு நாளும் நான் அதே பதிலைச் சொன்னேன். கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

அடுத்த மாதம் அப்பாவின் பெயருக்குக் கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். பெரியப்பா எழுந்துபோய் முதலாளிக்குப் போன் போட்டார். "உனக்குத்தான் மொதல்ல அனுப்புனேன், நீ சைன் பண்ணி அனுப்பல, இனி மாத்த முடியாது" என்று அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டுப் பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்.

"லெட்டர நீ என்ன பண்ணுனே?"

"ஏனுங்ணா, எனக்கென்னுங் தெரியும்? தபாலு பூராம் அம்மிணி கைலதான வருது. அவளையே கேளுங்."

பெரியப்பா என்னைக் கேட்டார். கவிதா என் மடியில் இருந்தாள். "அப்படி ஒரு லெட்டரும் வரலீங்" என்றேன். அவர் நம்பினார். எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் பொய் சொல்லக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என்னை நம்பியதால் தம்பியை நம்பாமல் போனார்.

வசந்தத்தில் அவர்கள் கிளம்பினார்கள். விமான நிலையத்துக்கு வரவேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டதால் வீட்டு வாசலிலேயே விடைபெற்றோம். அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையில் கைவைத்து, "நீ நல்லாப் படி அம்மிணி. குருவிய எண்ணு, என்ன வேணாப் பண்ணு, படிப்ப மட்டும் உட்டறாத" என்றார். கவிதாவை என் இடுப்பிலிருந்து பிரித்தபோது என் சட்டைப் பொத்தான் ஒன்று அவள் கையோடு போய்விட்டது. அந்த வருடம் மரத்தில் எத்தனை குஞ்சு பறந்தது என்று என் நோட்டில் இல்லை. நான் எண்ணவில்லை.

இன்று அந்த வீடு இல்லை. 2001-இல் இடித்துவிட்டு வரிசையாகப் புது வீடுகள் கட்டினார்கள், ஓக் மரத்தையும் வெட்டினார்கள். துளை மரம் போன பிறகு கூட்டம் ஒன்றாக நிற்காது, திசைக்கொன்றாகச் சிதறும். இடிக்கிற அன்று அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து வியந்தார். "சொவத்தப் பிரிச்சா தொப்பிக் கொட்ட மூட்ட மூட்டையாக் கொட்டுதம்மிணி!"

"வேற ஏதாச்சும் இருந்துச்சுங்ளாப்பா?"

"வேற என்ன இருக்கோணும்?" என்றார்.

இப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மலைகளுக்கு அப்பால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இதே மரங்கொத்திகளின் காலில் நிற வளையம் மாட்டி, யார் யாருக்கு ஊட்டுகிறார்கள் என்று எண்ணுகிறேன். எங்கள் வம்சத்தில் முதலில் படித்தவள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார், எனக்கும் அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன். பெரியப்பா பெருந்துறையில் ஒரு பரோட்டாக் கடையில் இன்னும் கல்லின் முன் நிற்கிறார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போன் செய்தால் பெரியம்மா பேசுவார், பெரியப்பா வரமாட்டார்.

போன மாதம் எல்லாவற்றையும் தமிழில் ஒரு கடிதமாக எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் அப்பாவை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன், அந்தப் புதன்கிழமையிலிருந்து கடைசி வரை. முடித்ததும் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "அன்னிக்கு நீ தூங்குன பொறகும் அண்ணன் எங்கிட்ட அந்த லெட்டரக் கேட்டாரு, மூணு தரம்" என்றார். பிறகு, "போட்டுரு" என்றார். அதற்குப் பிறகு என்னோடும் பேசவில்லை.

கடிதம் போய்ச் சேரும் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் ஒருத்திதான். கவிதாவுக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. தபால்காரரிடமிருந்து வாங்குவதும், பிரிப்பதும், படித்துச் சொல்வதும் அவள்தான். என்னை "அக்கா" என்று கூப்பிடும் ஒரே ஆளும் அவள்தான். தன் அப்பாவிடம் அதைப் படித்துச் சொல்வாளா, ஏதாவது ஓர் இடுக்கில் செருகிவிடுவாளா என்று எனக்குத் தெரியாது. உறையின் மேல் பெரியப்பாவின் பெயரை, அவர் எழுதுவதைப் போலவே எழுத்து எழுத்தாக நிறுத்தி எழுதி, போன செவ்வாய்க்கிழமை மில்பிடாஸ் தபால் நிலையத்தில் சேர்த்துவிட்டேன்.